கப்பலில் ஏறும் பெட்டிக்குப் பூட்டு வேண்டுமா?

உல்லாசக் கப்பலில் பிரயாணம் புறப்படுகிற உறவினர்களும் சிநேகிதர்களும் நம்மிடம் வந்து யோசனை கேட்பது சில காலமாக வழக்கமாகிவிட்டது. நாம் இதுவரை இரண்டே முறைதான் அத்தகைய கப்பலில் போயிருக்கிறோம். இரண்டு முறை போனவனை நிபுணன் என்று மதிப்பது அவர்களுடைய பெருந்தன்மை. கப்பலில் தயிர்சாதம் கிடைக்குமா, தலை சுற்றுமா, என்ன உடை உடுத்த வேண்டும் என்றெல்லாம் கேட்பார்கள். கடைசியில், வாசற்படி இறங்குகிற சமயத்தில், சற்றுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி வரும். "துறைமுகத்திலேயே பெட்டியை வாங்கிக்கொண்டு விடுகிறார்களாமே! அதைப் பூட்டிக் கொடுக்கலாமா, பூட்டாமல் கொடுக்க வேண்டுமா?"

கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்குள்ளே இருக்கும் கவலை சிறியதல்ல. பல வருஷங்கள் பணம் சேர்த்து, பிள்ளைகளின் லீவைப் பார்த்து, முதல் முறையாகக் கடல் பிரயாணம் போகிற குடும்பம் தன் சாமான்கள் அத்தனையையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்கிறது. அந்தச் சமயத்தில் கைக்கு ஒரு சாவியாவது மிஞ்சட்டும் என்று மனம் தேடுவது இயற்கைதானே?

மேலும் நாம் பூட்டுக்குப் பேர்போன நாட்டைச் சேர்ந்தவர்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்கு எத்தனையோ காலம் முன்னாலேயே தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அந்தப் பூட்டுக்கு மனமார்ந்த மரியாதை கொடுத்து வந்திருக்கின்றன. வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போன பிறகு திரும்பி வந்து மறுபடியும் ஒரு முறை இழுத்துப் பார்த்தால்தான் நமக்குப் பிரயாணம் ஆரம்பமானதாகத் தோன்றும். கனமான மாங்காய்ப் பூட்டு ஒன்று தொங்கும் இரும்பு டிரங்குப் பெட்டியைப் பார்த்தாலே ஒரு தைரியம் பிறக்கும். அந்தத் தைரியத்தில் நியாயமும் இருந்தது. ஏனெனில் பெட்டி இரும்பு, நாதாங்கி இரும்பு, பூட்டும் இரும்பு.

கடல் கடந்து போன தமிழர்களும் அத்தகைய பெட்டியோடுதான் போனார்கள். 1926-ஆம் வருஷம் முதல் சுமார் அரை நூற்றாண்டு காலம் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய 'ரஜூலா' கப்பலைப் பற்றிக் கேள்விப்படாத பழைய குடும்பம் தஞ்சை ஜில்லாவில் இராது. அதன் மேல்தளத்தில் சென்ற பிரயாணிகளுக்கு அறை கிடையாது. பாயை விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, அதன் பக்கத்திலேயே படுத்து, அதன் மேலேயே உட்கார்ந்து கரை சேர்ந்தார்கள். பெட்டி கண்ணை விட்டு மறையவில்லை. அக்காலத்துப் பெரிய கப்பல்களில் அறை எடுத்துப் போன கனவான்களுக்கோ வேறு ஏற்பாடு. அவர்கள் பெட்டிகளின் மேல் சீட்டு ஒட்டுவார்கள். அறையில் வேண்டியது ஒன்று. நடுவில் வேண்டியபோது எடுத்துக்கொள்ளக் கூடியது மற்றொன்று. 'பிரயாணத்தில் வேண்டாதது' என்பது மூன்றாவது. மூன்றாவது சீட்டு ஒட்டிய பெட்டி கப்பலின் அடிவயிற்றுக்குள் இறங்கிவிடும். கரை சேரும் வரை அதை யாரும் நினைப்பதில்லை. இந்த மூன்று சீட்டுகளையும் நேயர்கள் சற்று மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

இக்காலத்து ஏற்பாடு என்னவென்றால், துறைமுக வாசலில் வண்டியை விட்டு இறங்கியவுடனேயே சிப்பந்திகள் பெட்டிகளை வாங்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் நம் பெயரும், கப்பலில் நமக்குள்ள அறையின் எண்ணும் அச்சிட்ட அட்டை ஒன்று கட்டியிருக்க வேண்டும். பெட்டிகள் எக்ஸ்ரே யந்திரத்தின் வழியாகப் போய், கூண்டு வண்டிகளில் ஏறி, கப்பலுக்குள் நுழைந்து, தளம் தளமாகப் பிரிக்கப்பட்டு, கடைசியில் அவரவர் அறை வாசலில் கொண்டு வைக்கப்படும். நாம் சிங்கப்பூரில் மரீனா பே கப்பல் நிலையத்தில் பெட்டியைக் கொடுத்தபோது நண்பகல். அது நம் அறை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்து ஒரு நாழிகை ஆகியிருந்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய கப்பல் ஒன்றில் 3,000 அல்லது 4,000 பேர் காலையில் இறங்கி, அன்று மாலைக்குள் அதே தொகையினர் மறுபடியும் ஏறுகிறார்கள். அவர்களுடைய பெட்டிகளையெல்லாம் மனிதர்கள்தாம் தூக்கி வைக்க வேண்டும்.

இந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் பூட்டு வேண்டுமா என்கிற விவகாரம் எழுகிறது.

முதல் பிரயாணத்துக்கு முன் நம் வீட்டிலும் இது பற்றிப் பலமான விவாதம் நடந்தது. நம் இல்லத்தரசி இரண்டு பெட்டிகளுக்கு நாலு பூட்டு வாங்கி வைத்திருந்தாள். அவளுடைய தம்பி அன்று வந்திருந்தான். அவன் பாங்கியில் உத்தியோகம் பார்ப்பவன். பூட்டுகளில் அவநம்பிக்கை அவனுக்குத் தொழில் காரணமாக ஏற்பட்டதோ என்னவோ!

"அத்திம்பேரே, ஒரு பேனா கொடுங்கள்" என்றான்.

சாதாரணப் பந்துமுனைப் பேனா ஒன்றைக் கொடுத்தோம். பூட்டியிருந்த துணிப் பெட்டியின் ஜிப்புப் பல்வரிசைக்கு நடுவே அதன் முனையை வைத்து அழுத்தினான். பல்வரிசை வாயைப் பிளந்தது. கையை உள்ளே விட்டு ஒரு துண்டை வெளியே எடுத்துக் காட்டினான். பிறகு, பூட்டு பூட்டியபடியே இருக்க, ஜிப்பின் தலைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரு சுற்று ஓட்டினான். பிளந்த வாய் முன்போலவே மூடிக்கொண்டது! பூட்டு அசையவில்லை. பெட்டி திறக்கப்பட்டதற்கு அடையாளமும் இல்லை. ஜிப்புத் தலைகளைப் பெட்டியின் உடம்போடு சேர்த்துப் பிடிக்கும் பூட்டு வைத்த பெட்டிகளில் இவ்வளவு சுலபமாக மூட முடியாது என்பதையும், ஜிப்பே இல்லாமல் கொக்கி போட்டு மூடும் கெட்டிப் பெட்டிகளில் இந்த வித்தை பலிக்காது என்பதையும் அவனே நேர்மையாக ஒப்புக்கொண்டான்.

நம் இல்லத்தரசி அசந்துபோய்விடவில்லை. "பேனாவோடு வருகிறவனுக்காக நான் பூட்டவில்லை. வண்டியிலிருந்து வண்டிக்குத் தூக்கிப் போடும்போது ஜிப்பு தானாகத் திறந்துகொண்டு புடவையெல்லாம் துறைமுகத்தில் விரியாமல் இருக்க வேண்டுமே! என் பெட்டிக்குள் வேறு யாராவது எதையாவது திணித்துவிட்டால் பதில் சொல்வது யார்?" என்று கேட்டாள். அந்த இரண்டும் நியாயமான வார்த்தைகள். ஆகையால் பூட்டு என்பது திருடனைத் தடுக்கும் சாதனமல்ல, பெட்டியின் வாயை மூடி வைக்கும் சாதனம் என்று அன்று எங்கள் வீட்டு மகாசபை தீர்மானம் நிறைவேற்றியது.

ஆகாய விமானத்தில் போய்க் கப்பலைப் பிடிக்கிறவர்கள் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 2001-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் நடந்த கோரச் சம்பவத்துக்குப் பிறகு, விமானத்தில் ஏறும் பெட்டி ஒவ்வொன்றும் சோதிக்கப்பட வேண்டும் என்று சட்டம் வந்தது. சந்தேகம் தோன்றினால் அதிகாரிகள் பெட்டியைத் திறப்பார்கள். பூட்டியிருந்தால் பூட்டை உடைப்பார்கள். இதற்குப் பரிகாரமாக 2003-ல் ஒரு புதுவகைப் பூட்டு வந்தது. சொந்தக்காரரிடம் ஒரு சாவியோ ரகசிய எண்ணோ இருக்கும். அதிகாரிகளிடம் எல்லாப் பூட்டையும் திறக்கும் பொதுச்சாவி இருக்கும். ஏற்பாடு அழகானதுதான். ஆனால் 2014-ல் அந்தப் பொதுச்சாவிகளின் படம் ஒரு பத்திரிகையில் வெளியாயிற்று. அடுத்த வருஷமே அப்படத்தைப் பார்த்து யந்திரத்தில் சாவி வார்த்துக்கொண்டவர்கள் தோன்றிவிட்டார்கள். ஆயினும், விமானத்தில் அமெரிக்கா வழியாகப் போகிறவர்கள் அந்த வகைப் பூட்டையே போடுவது உத்தமம். பூட்டு முழுசாகத் திரும்பி வரும் என்பதே அதன் முக்கியமான பிரயோஜனம்.

கப்பல் துறைமுகத்திலோ பொதுச்சாவி என்பதை நம்பிக்கொண்டிருப்பதற்கில்லை. எக்ஸ்ரே யந்திரத்தில் ஆட்சேபகரமான பொருள் ஏதேனும் தெரிந்தால் பெட்டியைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். பூட்டாத பெட்டியானால் சில கப்பல்களில் காவல் சிப்பந்திகளே திறந்து, அந்தப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, சீட்டு வைத்துப் பெட்டியை அறைக்கு அனுப்பிவிடுவது உண்டு. பூட்டிய பெட்டியோ சொந்தக்காரர் வந்து திறக்கும் வரையில் அங்கேயே காத்துக் கிடக்கும். இதன் பொருள் என்ன என்பதை நாம் இரண்டாவது பிரயாணத்தில் கண்ணாரக் கண்டோம்.

அந்தக் கப்பலில் நமக்கு அடுத்த அறை கும்பகோணத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கும் அவர் மனைவிக்கும். சிங்கப்பூரில் வேலையாயிருக்கும் மகன் டிக்கெட் எடுத்துப் பெற்றோரை அனுப்பி வைத்திருந்தான். கப்பல் கரையை விட்டு நகர்ந்தது. எல்லோரும் மேல்தளத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம். ஏழு மணிக்கு அறைக்குத் திரும்பியபோது, தாழ்வாரத்தில் ஒவ்வொரு வாசலிலும் பெட்டி நின்றது. அவர்கள் வாசலில் மட்டும் இல்லை. அந்த அம்மாள் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்த ஓட்டமே இல்லை.

"மருந்து அத்தனையும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, அம்மா. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவர் இன்ஸுலின் ஊசி போட்டுக்கொண்டாக வேண்டும். கைப்பையில் இருந்தால் எங்கேயாவது மறந்து வைத்துவிடுவார் என்றுதான் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்" என்று நம் இல்லத்தரசியிடம் சொன்னார்.

பெட்டி திருட்டுப் போய்விட்டது என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். தலைமையாசிரியர் ஒன்றும் பேசாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாம் அவரோடு இருந்தோம்; பெண்மணிகள் இருவரும் விசாரணைச் சாவடிக்கு ஓடினார்கள். அங்கே நாலு பேருக்குப் பின்னால் நின்று, பெயர் சொல்லி, எண் சொல்லி, கடைசியில் கீழ்த்தளத்தில் உள்ள ஓர் அறைக்குப் போகும்படி உத்தரவாயிற்று. அங்கே பத்து இருபது பெட்டிகள், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளைப்போல், சுவரோரமாக வரிசையாய் நின்றனவாம். அவற்றில் அவர்களுடைய பெட்டியும் ஒன்று. அந்த அம்மாள் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துத் திறந்தார். ஒரு கட்டு ஊதுபத்தி, ஒரு டப்பி சூடம், வெள்ளிக்கிழமைக்கென்று எடுத்து வந்த சின்ன விளக்கு, திரி. சிப்பந்தி மிகவும் மரியாதையாக ஊதுபத்தியையும் சூடத்தையும் விளக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போது திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று சீட்டுக் கொடுத்தாராம். பெட்டி மேலே வந்தபோது எட்டே கால் மணி. தலைமையாசிரியர் ஊசி போட்டுக்கொண்டு, சற்று நேரம் கழித்துச் சாப்பிட வந்தார்.

"பூட்டு நல்ல பூட்டுதான், ஸார். எங்களுக்கும் சேர்த்தல்லவா பூட்டிக்கொண்டுவிட்டது!" என்று சொல்லிச் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஊதுபத்திக்கு என்ன இவ்வளவு கட்டுப்பாடு என்று சிலர் கேட்கலாம். நடுக்கடலில் தீயைப்போல் பயங்கரமான சத்துரு வேறில்லை. ரஜூலாவுக்குப் பிறகு சிங்கப்பூர் மார்க்கத்தில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் கடலில் தீப்பற்றியதும், பிரயாணிகள் பலர் உயிரிழந்ததும் தமிழ்நாடு அறிந்த துக்கம். மெழுகுவத்தி, ஊதுபத்தி, இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், சோறு வடிக்கும் மின்சாரக் குக்கர் முதலியவற்றைக் கப்பல்காரர்கள் அநேகமாக அனுமதிப்பதே இல்லை. வெளியிலிருந்து கொண்டுபோகும் மதுபானத்தையும் பெரும்பாலும் எடுத்து வைத்துவிடுகிறார்கள். எதை எதைக் கொண்டுவரலாகாது என்ற ஜாபிதாவை ஒவ்வொரு கப்பல் கம்பெனியும் டிக்கெட்டோடு தெரிவிக்கிறது. பூட்டு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் அந்த ஜாபிதாவைக் குடும்பத்தில் உள்ள எல்லோருக்கும், முக்கியமாகப் பெட்டி அடுக்குகிறவருக்கு, ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டுவது நல்லது.

அப்படியானால் கப்பலில் திருட்டே கிடையாதா என்றால், மனிதர்கள் கூடுகிற இடத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் தாழ்வாரத்தில் நிற்கும் பெட்டியைத் திருடினவன் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவான்? சுற்றிலும் கடல். உள்ளே எங்கு பார்த்தாலும் காமிராக்கள். பெட்டிகளைத் தொடுகிற சிப்பந்திகளோ பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, நம் இந்தியா முதலிய தேசங்களிலிருந்து வந்து, மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து உழைப்பவர்கள். ஒரு புகார் வந்தால் அவர்கள் பிழைப்பே போய்விடும். நம் தளத்தில் ஓர் இளைஞன் ஒவ்வொரு பெட்டியாக இழுத்து வந்து, அட்டையைப் படித்து, வாசலில் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவனுக்காகவா நாலு பூட்டு என்று நமக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. அவனைச் சந்தேகிப்பதும் தர்மமில்லை. ஜிப்பு வைத்த துணிப் பெட்டிக்குள் நகையையும் நோட்டுக் கட்டையும் வைத்து அவன் கையில் கொடுப்பதும் தர்மமில்லை.

உண்மையில் கப்பல் பிரயாணத்தில் பெட்டி காணாமற்போவது திருட்டினால் என்பதைவிடக் கைமாறுதலால் என்று சொல்லலாம். கடைசி நாள் இரவு, பத்து அல்லது பதினொரு மணிக்குள், பெட்டிகளை மறுபடியும் வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் அவை துறைமுகத்து மண்டபத்தில் வரிசை வரிசையாக நிற்கும். அங்கே போய்ப் பார்த்தால் உலகத்தில் உள்ள பெட்டிகள் எல்லாம் கறுப்பு அல்லது கருநீலம் என்று தோன்றும். அவசரத்தில் ஒருவர் பெட்டியை மற்றொருவர் இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். இந்த விபத்துக்குத் திண்டுக்கல் பூட்டாலும் பிரயோஜனமில்லை; பூட்டோடு சேர்ந்தே பெட்டி போய்விடும். கைப்பிடியில் கட்டிய ஒரு முழம் மஞ்சள் துணி இதைத் தடுக்கும். உள்ளேயும் ஒரு காகிதத்தில் பெயரும் விலாசமும் எழுதி வைத்திருந்தால் போன பெட்டி திரும்பி வரும்.

அதே கடைசி இரவில் நேரக்கூடிய இன்னொரு விபரீதமும் உண்டு. மிகுந்த ஒழுங்கோடு எல்லாத் துணிகளையும் மடித்து, பெட்டியில் அடுக்கி, பூட்டி, வாசலில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற கனவான் ஒருவர், விடிந்து பார்க்கும்போது தாம் உடுத்தியிருக்கும் இரவு உடையைத் தவிரத் தமக்கு வேறு ஆடை இல்லை என்று கண்டுபிடிக்கிற கதை அது. கப்பல்தோறும் சொல்லப்படுகிற இந்தக் கதை எந்தக் கப்பலில் உண்மையாக நடந்ததென்று நாம் ஆராயப் போவதில்லை. மறுநாள் உடுத்துவதற்குரிய ஆடையைக் கையோடு வைத்துக்கொண்டால் போதும்.

இங்கேதான் முன் சொன்ன மூன்று சீட்டுகள் உதவிக்கு வருகின்றன. அறையில் வேண்டியது, நடுவில் வேண்டியது, பிரயாணத்தில் வேண்டாதது என்று பழைய காலத்துப் பிரயாணி பெட்டி அடுக்கும்போதே பிரித்துக்கொண்டான். நாமோ எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடைத்துவிட்டு, பிரிக்கிற சிரமத்தைப் பூட்டின் தலையில் சுமத்துகிறோம். 1931-ஆம் வருஷம் வட்டமேஜை மகாநாட்டுக்காக மகாத்மா காந்தி 'ராஜபுதானா' கப்பலில் பம்பாயிலிருந்து புறப்பட்டபோது, கூட வந்தவர்கள் கொண்டுவந்திருந்த பெட்டிகளின் தொகையைப் பார்த்துக் கடிந்துகொண்டார். அவசியமில்லாத பெட்டிகள் பல ஏடன் துறைமுகத்தில் இறக்கி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அந்தப் பெட்டிகளுக்கு அப்புறம் பூட்டும் வேண்டியிருக்கவில்லை, காவலும் வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு தூரம் நம்மால் போக முடியாது. ஆனாலும், புறப்படுவதற்கு முதல் நாள் இரவு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, 'இது இன்றிரவு வரை கைக்கு வராவிட்டால் என்ன ஆகும்?' என்று ஒவ்வொரு பொருளையும் பார்த்துக் கேட்டுக்கொள்வது எல்லோராலும் முடியும்.

'ஒன்றும் ஆகாது' என்று பதில் வந்தால் அது பெட்டிக்குள் போகலாம். பாஸ்போர்ட்டு, மருந்து, மூக்குக் கண்ணாடி, பணம், நகை, குழந்தைக்கு வேண்டியவை, முதல் நாள் மாற்றிக்கொள்ள ஒரு ஜோடித் துணி ஆகியவை தோளில் தொங்கும் பைக்குள் போக வேண்டும். மருந்தை மறதியுள்ள கணவரிடம் கொடுக்கப் பயமாயிருந்தால் மனைவி தன் பையில் வைத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் செய்து முடித்தவர்களுக்குப் பூட்டைப் பற்றி நாம் சொல்லும் யோசனை சுருக்கமானது. விமானத்தில் போகும் வரை பூட்டுங்கள். துறைமுகத்தில் கப்பல் சிப்பந்திகளிடம் கொடுக்கும்போது பூட்டை எடுத்துவிட்டு, ஜிப்பின் இரண்டு தலைகளையும் ஒரு நாடாவினால் சேர்த்துக் கட்டிவிடுங்கள், வாய் திறந்துகொள்ளாது. யாராவது திறந்தால் முடிச்சு காட்டிக்கொடுக்கும். பூட்டு இல்லாவிட்டால் தூக்கம் வராது என்கிறவர்கள் தாராளமாகப் பூட்டட்டும். சாவி மட்டும் கைப்பையில் இருக்கட்டும். மேல்தளத்துக்கு வேடிக்கை பார்க்கப் போகுமுன் அறையில் ஏதாவது செய்தி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகட்டும். கழற்றிய பூட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கப்பலை விட்டு இறங்கி விமான நிலையத்துக்குப் போகும்போது அது மறுபடியும் வேண்டியிருக்கும்.